டோனர் கறுப்பில் அக்கா

எங்கள் தெருவில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாருக்கும் அவள் அக்காதான். எழுபது வயது வக்கீல்கூட, "அக்கா, இதுல ரெண்டு காப்பி போடுங்க" என்றுதான் தாளை நீட்டுவார். "உங்களுக்கு நான் அக்காவா? முதல்ல கண்ணாடிய மாத்துங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அவளும் வாங்கிக்கொள்வாள். நீதிமன்றத்துக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடை அவளுடையது. அதில் ஒரு மூலையை நான் வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுக்கிறேன். வேலை செய்வது விரல்தான். கண்ணும் காதும் சும்மாத்தானே இருக்கின்றன. அதனால் அவளைப் பற்றி அவள் பெற்ற மகளைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

கணவர் இறந்தபோது மகள் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், வண்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். இவள் யாரோ கழித்துக்கட்டிய ஒரு மெஷினை வாங்கிப் போட்டு, ரிப்பேர் செய்ய வருகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். இப்போது கடையில் மூன்று மெஷின்கள். அதில் பெரியது, வீட்டு வரைபடங்களை நகலெடுக்கிற பிளான் மெஷின், கட்டில் நீளத்துக்கு இருக்கும். எதில் தாள் சிக்கப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். தடித்த புத்தகம் வைத்து, மூடியைத் திறந்தபடியே காப்பி எடுக்கும்போது கீழேயிருந்து முகத்தின் மேல் வெளிச்சம் ஓடும். அந்த நேரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்கிற முகம் மாதிரி இருக்கும்.

அவளிடம் ஒரே ஒரு குறை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து சாவாள். அந்த நாலு பேரின் முகவரியைக் கொடுங்கள், நேரில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று நானும் பல தடவை கேட்டாயிற்று. கொடுத்தபாடில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கடையின் பின்பக்கத்தில் ஒரு திரை தொங்கும். திரைக்குப் பின்னால் அவளுடைய தம்பி இருந்தான். கூடப் பிறந்தவன், அவளுக்கு ஒரே தம்பி. ஒரு காலத்தில் கட்டுமான கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவன். கை அளந்து வைத்த மாதிரி கோடு இழுக்கும் என்பார்கள். ஒரு நாள் காலையில் ஆபீஸ் சுவர் முழுவதையும் கறுப்பு மையால் பூசிவிட்டான். சுவருக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் வெளியே வர வழி வரைகிறேன் என்றானாம். சட்டையில்லாமல் தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே ஒரு கூட்டம் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தத் தெருவில் அதற்குப் பிறகு அவளால் தலைநிமிர்ந்து ஒரு நாள்கூட நடக்க முடியவில்லை. மகளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு, தெரிந்த முகமே இல்லாத இந்தப் பக்கம் குடிவந்தாள்.

கவனிப்பில் குறை வைத்தாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்து, விழுங்கிவிட்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமென்றால் ஊரின் மறுகோடிக்குப் போவாள். பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தும். யாராவது பார்த்துவிடக்கூடாது, அவ்வளவுதான். அவன் மெஷின்களைத் துடைப்பான், உருளை மாற்றுவான், அமைதியாக இருப்பான். அவனும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். தெருவே அப்படிக் கூப்பிட்டதால் அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு மழை நாளில், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவன் தன் தம்பி என்று தானாகவே சொல்லி அழுதாள்.

ஓய்ந்த நேரத்தில் அவன் படம் போடுவான். யாரும் திரும்பி வந்து வாங்காத பழைய வரைபடங்களின் பின்பக்கம்தான் தாள். மெஷினின் கழிவு டப்பாவில் சேர்கிற டோனர்தான் வண்ணம். டோனர் என்பது கறுப்புப் பொடி. சூடான உருளைக்குள் போய் வந்தால்தான் உருகித் தாளில் ஒட்டும், அதுவரைக்கும் வெறும் தூசுதான், ஊதினால் பறந்துவிடும். அதை உள்ளங்கையால் அப்பி, துணியால் தேய்த்து, ரப்பரால் அழித்து அழித்து அவன் உருவங்களைக் கொண்டுவருவான். நாள் முழுக்கக் கை கரிச்சட்டி அடி மாதிரி இருக்கும். படங்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கூட வேலை பார்க்கிற பையன். அவளே பார்த்துக்கொண்டாள், நல்ல பையனாகவும் பார்த்துக்கொண்டாள். "மாமாவைப் பத்தி அவங்க வீட்ல சொல்லிடலாம்மா" என்று மகள் சொன்னாள். "தாலி கட்டுற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்று இவள் அவள் வாயை அடைத்துவிட்டாள்.

அப்புறம் ஒரு மதியம் பையனின் அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து நின்றார். கெட்ட மனுஷி இல்லை. பெரிய குரல், பெரிய கைப்பை, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிற சுபாவம். "இந்தப் பக்கம் வந்தேன், சம்பந்தியோட கடையைப் பார்த்துட்டுப் போகலாம்னு" என்று உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத் திரையை விலக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தான். கையெல்லாம் கறுப்பு, கன்னத்தில் ஒரு தீற்று. வந்தவர் யார் என்று புரிந்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லையா, கும்பிடக் கையைத் தூக்கினான்.

"இவர் யாரு?" என்றார் அந்த அம்மாள்.

"நம்ம கடையில வேலை செய்யறவர். மெஷினெல்லாம் துடைப்பாரு" என்றாள் அக்கா.

என் விரல் கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டது. அவன் தூக்கிய கையை இறக்கவில்லை. கும்பிட்டுவிட்டு, "ஆமாங்க" என்றான். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "குடிக்க ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா மேடம்?" என்று கேட்டான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவன் போய் வாங்கிக்கொண்டு வந்தான். அந்த அம்மாள் குடித்துவிட்டு, "மரியாதையான ஆளா இருக்காரு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிடவே இல்லை. அவள் கடைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பான். பசிக்கிறது என்றால், "சாப்பிடப் போகலாமா மேடம்?" என்று அனுமதி கேட்பான். வீட்டிலும் அப்படித்தானாம், மகள் சொல்லிச் சொல்லி அழுதாள். தெருவே அவளை அக்கா என்கிறது, கூடப் பிறந்த ஒருத்தன் மட்டும் மேடம் என்கிறான். கல்லாவில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் கூனிக் குறுகிப் போவாள். "போதும்டா, விளையாடாதே" என்று ஒரு நாள் கெஞ்சினாள். அவன் விளையாடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் வங்கிக்குப் போயிருந்தபோது கேட்டேன். "உனக்கு அவங்க மேல கோவமா?"

"கோவமா?" என்று ஆச்சரியப்பட்டான். "இல்லைங்க. பாப்பா கல்யாணம் நல்லபடியா நடக்கணும். நான் வாய் தவறி அக்கான்னு கூப்பிட்டுட்டா? மூளை எனக்குச் சில சமயம் சொன்ன பேச்சு கேக்காது. அதான் முழுசா மாத்திக்கிட்டேன்."

அவள் திரும்பி வந்ததும் இதை அப்படியே சொன்னேன். அவள் பிளான் மெஷினின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நிமிரவில்லை. வாடிக்கையாளர் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

அந்த வாரத்தில்தான் அவன் அந்தப் படத்தைப் போட்டான். ஆள் உயரத் தாள். முக்கால்வாசி கறுப்பு, சும்மா கறுப்பு இல்லை, கையால் அறைந்து அறைந்து ஏற்றிய கறுப்பு. நடுவில் ஒரு முகம். கீழேயிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் தாடையும் மூக்கின் அடியும் வெள்ளை வெளேரென்று இருந்தன. கண் இரண்டும் இறுக்கி மூடியிருந்தன. வாய் எதையோ உள்ளே அடக்கிக்கொண்டு நெளிந்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அக்காதான். அவளும் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டாள். என்னிடம் மட்டும், "நான் அப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொல்ல எனக்கும் நாக்கு புரளவில்லை.

ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு டீச்சர் எங்கள் கடைக்குத்தான் காப்பி எடுக்க வருவார். காற்றில் திரை விலகியதில் படத்தைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்துவிட்டு உள்ளேயே போய்விட்டார். யாரிடமும் படிக்காமல் தானாக வரைகிறவர்களின் படங்களைக் கல்லூரிக் கூடத்தில் கண்காட்சி வைக்கிறார்களாம், இது கண்டிப்பாக வேண்டுமாம்.

"நீங்க யாரு, இவங்களுக்கு என்ன வேணும்?" என்று அவனைக் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். திறந்தாள் என்பதற்கு நான் சாட்சி. ஆனால் கவுன்ட்டரில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், சத்தம் வர ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அதற்குள் அவன், "இங்க வேலை பார்க்கறேங்க" என்று முந்திக்கொண்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கண்காட்சி தொடங்குகிற நாள் வந்தது. டீச்சர் காலையில் வந்து படத்தை எடுத்துப்போவதாக ஏற்பாடு. அக்கா விடியும்போதே கடையைத் திறந்துவிட்டாள், என்னையும் வரச் சொல்லியிருந்தாள். தம்பிக்குத் தன்னால் வேறு எதையும் சொல்லத்தான் தைரியமில்லை, படத்தையாவது காப்பாற்றிக் கொடுப்போம் என்று அவளுக்கு ஒரு எண்ணம். பொடி ஒட்டாமல் இருக்கிறதே, யார் தோளாவது உரசினால் போய்விடுமே. ஜெராக்ஸ் போடுகிறவளுக்கு இதற்கு வேறென்ன வைத்தியம் தோன்றும்? படத்தையே பிளான் மெஷினுக்குள் கைவழியாகச் செருகி, வெற்றுக் காப்பி ஒன்று போட்டாள். உள்ளே போய்ச் சூடுபட்டு வெளியே வந்தது. அவள் நினைத்தபடியே கறுப்பு தாளோடு ஒட்டிக்கொண்டது, கொஞ்சம் பளபளப்பாகவும் ஆகியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள், விரலில் கறுப்பு ஒட்டவில்லை. கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். டீச்சர் வந்து படத்தைச் சுருட்டி எடுத்துப்போனார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது மதியம்தான் தெரிந்தது. சம்பந்தியம்மாள் ஒரு வரைபடத்தோடு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளையும் மருமகளும் இருக்க மாடியில் அறை கட்டுகிறார்களாம், அதற்கு நகல் வேண்டும். அக்கா பிளான் மெஷினில் போட்டாள். நகல் வந்தது. புதுமணத் தம்பதியின் படுக்கையறை நடுவில், சாம்பல் நிறத்தில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொம்பளை முகம். படத்திலிருந்த பொடி உருளையில் ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்த தாளில் இறங்குகிறது. மாமியார்க்காரி மருமகன் அறைக்குள் மூக்கை நுழைப்பது உலக வழக்கம்தான் என்றாலும் இவ்வளவு சீக்கிரம் யாரும் நுழைந்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"என்னங்க இது, பேய் மாதிரி?" என்றார் அந்த அம்மாள்.

திரைக்குப் பின்னாலிருந்து அவன் ஓடிவந்தான். நகலைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "என் தப்புங்க. உருளையைத் துடைக்காம விட்டுட்டேன்" என்றான்.

"ஒழுங்கா வேலை தெரிஞ்ச ஆளா வைங்க சம்பந்தி" என்றார் அவர், அவனுக்கு முன்னாலேயே. "இந்த ஆளை அனுப்பிடுங்க. பார்த்தாலும் ஒரு மாதிரியா இருக்காரு."

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னாள். அப்போதைக்குப் பேச்சை முடிக்கச் சொன்னது. அந்த அம்மாள் சாயங்காலம் வந்து நல்ல நகலாக வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். அவன் உருளையைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்து மாட்டினான். கையைச் சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினான். திரைத் துணியைச் சரிசெய்தான். "வரேன் மேடம்" என்றான். சாப்பிடப் போகிறான் என்று நினைத்து அவள் தலையாட்டினாள்.

வெகுநேரம் ஆகியும் வரவில்லை. அவள் வீட்டுக்கு ஓடினாள். வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது, மாத்திரையும் இருந்தது. அவனுடைய செருப்பும் இரண்டு சட்டையும் மட்டும் இல்லை. அவன் வேலையை விட்டு நின்றுவிட்டான். சொன்னதைச் சொன்னபடி கேட்கிறவனிடம் எதைச் சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். கடைக்குத் திரும்பி வந்து, வாசலிலேயே நின்று, "நானே துரத்திட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம், எங்கே தேடுவது என்று நாங்கள் பரிதவித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மாள் நகல் வாங்க வந்து நின்றார். அதே சமயம் போனும் அடித்தது. ஓவிய டீச்சர்.

"உங்க கடை ஆளு இங்க இருக்காரு. வேலை போயிடுச்சாம். படத்துக்குப் பக்கத்துல நிக்கலாமான்னு கேட்டாரு. நிக்கறாரு, உக்காரச் சொன்னாலும் உக்கார மாட்டேங்கறாரு."

சம்பந்தியம்மாள் அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதாலயா? ஐயோ, ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க. வாங்க, வண்டியில போகலாம்" என்று எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம், "வேலைக்காரனுக்காக இப்படி அழறீங்களே" என்று வியந்துகொண்டே ஓட்டினார்.

கூடம் நிறையக் கூட்டம். நடுச்சுவரில் அந்தப் படம். கடையில் பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது, கூடத்திலிருந்த மற்ற படங்களெல்லாம் அதைப் பார்த்து ஒதுங்கி நிற்பது போலிருந்தது. பக்கத்தில் அவன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காவலுக்கு நிற்கிறவனைப் போல. யாரோ ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா யாருப்பா?"

"நான் வேலை பார்த்த கடையோட முதலாளிங்க."

"ரொம்பக் கோவக்காரங்களோ?"

"இல்லைங்க" என்றான். "பயந்தவங்க."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மேலே அவள் முகம், கீழே அவள் முகம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். சம்பந்தியம்மாள் என் பக்கத்திலேயே நின்றார்.

"இவன் முதலாளின்னு சொல்றதை நம்பாதீங்க" என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கிற குரலில். "நான் இவனோட அக்கா. ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு வேலைக்காரன்னு சொல்லி வச்சிருந்தேன். இவன் என் தம்பி."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவன் அவளைப் பார்த்தான். அப்புறம் அவள் தோளுக்கு மேலாகச் சம்பந்தியம்மாளைப் பார்த்தான். முகத்தில் அவசரமாக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"மேடம் மனசு அப்படிங்க" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "வேலை பார்க்கறவங்களைக் கூடப் பொறந்தவங்களாத்தான் நினைப்பாங்க. எனக்குன்னு யாரும் கிடையாதுங்க. அதனால இப்படிச் சொல்றாங்க."

"இல்லடா" என்றாள் அவள். "டேய், இல்லடா."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, நானும் முன்னால் போய், "அவங்க சொல்றது நிஜங்க, இவன் தம்பிதான்" என்றேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கடையில எல்லாருமே இவ்வளவு நல்லவங்களா?" என்றார். முதலில் ஒருவர் கைதட்டினார், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். சம்பந்தியம்மாள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கட்டிப்பிடித்தார். "உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றதுக்கு நாங்க கொடுத்து வச்சிருக்கணும் சம்பந்தி" என்றார்.

அக்கா அந்த அணைப்பில் மரக்கட்டையாக நின்றாள். உண்மையைச் சொல்லி ஒருத்தி இப்படி அவமானப்பட்டு நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், கல்யாணத்தை நிறுத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் என்று தோன்றியது. அவன் மட்டும் கைதட்டல் ஓய்கிற வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றான். காரியத்தைக் கெடுக்காமல் முடித்துவிட்ட திருப்தி அவனுக்கு.

சம்பந்தியம்மாள் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றதை மறுத்துவிட்டு நடந்தே திரும்பினோம். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் கொஞ்சம் பின்தங்கி வந்தேன். கடைகள் அடைக்கிற நேரம். எங்கள் தெரு முனையில் அவள் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை அக்கான்னு கூப்பிடுடா."

அவன் முன்னால் பார்த்தான். திரும்பிப் பின்னாலும் பார்த்தான். எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒருவர் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஆள் இருக்காங்க மேடம்" என்றான் மெதுவாக.